ஏறாதவர்களின் கணக்கு

சென்ற ஆண்டு மாரி தொடங்குவதற்குச் சில வாரங்கள் இருக்கையில், வடமராட்சி கிழக்கில் உள்ள என் தாயாரின் ஊர்ச் சனசமூக நிலையத்தார் மனு ஒன்று எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். காலையில் ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ் என்று ஓடும் சேவையோடு மேலதிகமாக ஒரு பஸ் வேண்டும் என்பதே கோரிக்கை. வழக்கமான மனு நடையில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். போக்குவரத்து வசதி போதாமையால் மக்கள் பெரும் சிரமத்துக்கு உள்ளாகின்றனர், ஆகவே ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டுகின்றோம் என்ற அளவில் அது முடிந்தது. அதைப் பெற்றுக்கொண்ட அதிகாரி முழுவதையும் பொறுமையாக வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இப்ப ஓடுற பஸ்ஸே பாதி வெறுமையாய்த்தான் வருது. இன்னொன்று விட்டால் ஏற ஆக்கள் இருக்கினமோ?”

எங்களிடம் பதில் இருக்கவில்லை. அவர் கேட்டது நியாயமற்ற கேள்வி என்று நான் சொல்லமாட்டேன். அவரிடம் இருப்பவை எண்ணிக்கையில் குறைந்த பஸ்கள், குறைந்த சாரதிகள், அளந்து தரப்படும் டீசல். அவற்றை ஒரு ஊருக்குக் கொடுத்தால் இன்னொரு ஊரிலிருந்து எடுக்க வேண்டும். பொதுப் பணத்தைச் செலவிடுபவர் காரணம் கேட்பது முறைதான். ஆயினும் வீடு திரும்பிய பின்னரும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு பொதுப் போக்குவரத்துத் திட்டத்தின் தேவையை எப்படி நிறுவுவது, யாரை எண்ணி நிறுவுவது என்பதை அதன் பிறகுதான் ஒழுங்காகச் சிந்திக்கத் தொடங்கினேன்.

அடுத்த வார இறுதியில் நிலையத்து இளைஞர்கள் இருவருடன் வீடு வீடாகப் போனோம். “பஸ்ஸில் போவீர்களா?” என்று கேட்காமல், “போக வேண்டியிருந்தும் போகாமல் விட்ட இடம் எது?” என்று கேட்டோம். சீனி வருத்தமும் பிரஷரும் உள்ள ஒரு முதிய அம்மா, மந்திகை ஆதார வைத்தியசாலைக்குக் கிளினிக் போவது வழக்கம். விடியற்காலை பஸ்ஸில் போனால் நண்பகலுக்குள் டொக்டரைப் பார்த்து முடியும். திரும்பும் பஸ்ஸுக்குப் பின்னேரம் வரை காத்திருக்க வேண்டும். ஓட்டோ பிடித்தால் ஒரு நாளைய போக்குவரவுச் செலவு அவருடைய கைச்செலவுக் காசில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். “நான் போறதை விட்டிட்டன், பிள்ளை. மகன்ரை பெடியன் வரேக்கை மருந்து வாங்கிக்கொண்டு வருவான்” என்றார். அதே ஒழுங்கையில் ஒரு மாணவி, சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் நல்ல பெறுபேறு எடுத்திருந்தும், உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள 1 ஏபி பாடசாலைக்குத் தினமும் போய்வர வழியில்லாததால் அருகிலுள்ள பாடசாலையில் கலைப்பிரிவில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தாய் தனியாகக் குடும்பத்தை நடத்துபவர். ஒரு மோட்டார் சைக்கிளும் அதை ஓட்டிச் செல்ல ஒரு ஆணும் அந்த வீட்டில் இருந்திருந்தால் பிள்ளையின் பாடப்பிரிவு வேறாக இருந்திருக்கும்.

இவர்கள் இருவரும் எந்தப் பஸ்ஸிலும் எண்ணப்படாதவர்கள். நடத்துநரின் ரிக்கற் புத்தகம் ஏறியவர்களைத்தான் பதிவு செய்யும். பயணத்தையே கைவிட்டவர்களுக்கு அதில் இடமில்லை. பாதி வெறுமையாக வரும் பஸ்ஸைப் பார்த்துத் தேவை இல்லை என்று முடிவு செய்வது, பாலமில்லாத ஆற்றை நீந்திக் கடப்பவர்களை எண்ணிப் பாலம் வேண்டாம் என்று சொல்வதைப் போன்றது.

இந்த விவாதம் எங்கள் மண்ணுக்குப் புதியதும் அல்ல. இலங்கையின் முதலாவது புகையிரதம் 1864ஆம் ஆண்டிலேயே கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடிவிட்டது. கோப்பிக்கும் தேயிலைக்கும் மலைநாடு வரை தண்டவாளம் போடப்பட்ட பின்னரும் வடக்குக்கு ஒரு பாதை வர ஒரு தலைமுறைக்கு மேல் ஆனது. காடு மண்டிய வன்னியூடாகப் பாதை போட்டால் அது வருமானம் தருமா என்ற கேள்வி அப்போதும் குறுக்கே நின்றது. தேசாதிபதி வெஸ்ற் ரிட்ஜ்வேயின் காலத்தில் வேலை தொடங்கி, 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே முதலில் வண்டி ஓடியது. 1905இல் பாதை முழுவதும் இணைந்தது. அதன் பிறகு யாழ்ப்பாணத்தவர் கொழும்பில் உத்தியோகம் பார்த்ததும், விடுமுறைக்கு ஊர் திரும்பியதும், புகையிலையும் வெங்காயமும் தெற்குச் சந்தைக்குப் போனதும் எல்லாம் அந்தப் பாதையின் மேல் எழுந்த வாழ்க்கை. பாதை போடுவதற்கு முன்பு அந்தப் பயணிகளை யாராலும் எண்ணிக் காட்டியிருக்க முடியாது.

அந்தப் பாதையில் 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி வண்டி போரினால் 1990 ஆனியோடு நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பங்கர்களுக்குக் கூரையாகின. இந்தியக் கடனுதவியுடன் பாதை மீள அமைக்கப்பட்டு, 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரி பிறந்ததும் காங்கேசன்துறைக்கும் வண்டி வந்தது. இருபத்து நான்கு ஆண்டுகளாக ஒருவர்கூட ஏறாத பாதை அது. “ஏறியவர்கள் எத்தனை பேர்?” என்ற அளவுகோலை மட்டும் வைத்திருந்தால் அதை மீளக் கட்டுவதற்கு ஒரு காரணமும் கிடைத்திராது.

திட்டம் தீட்டுவோர் இதற்கு இரண்டு சொற்களைப் பிரித்துப் பயன்படுத்துகிறார்கள்: தேவை, நோக்கம். இன்று இருக்கும் குறை தேவை. திட்டம் முடிந்தபின் எது மாறியிருக்க வேண்டும் என்பது நோக்கம். அமெரிக்காவில் 1970 ஜனவரி முதலாம் திகதி சட்டமான தேசியச் சுற்றாடல் கொள்கைச் சட்டத்தின் கீழ், மத்திய அரசின் பணமோ அனுமதியோ பெறும் பெரிய திட்டங்களின் சுற்றாடல் அறிக்கைகள் இந்த இரண்டையும் எழுதி, அதற்குப் பிறகே மாற்றுவழிகளை ஒப்பிட வேண்டும் என்ற நடைமுறை வளர்ந்தது. அந்த ஒழுங்கு முக்கியமானது, ஏனெனில் தேவையை எழுதும் வாக்கியத்துக்குள்ளேயே தீர்வை ஒளித்து வைத்துவிடலாம். “இந்த ஊருக்கு ஒரு புகையிரதப் பாதை தேவை” என்று எழுதினால் ஒப்பிடுவதற்கு எதுவும் மிஞ்சாது. இல்லினோய் மாநிலத்தின் மேரியன் நகரத்துக்கு நீர் வழங்குவதற்கான ஒரு நீர்த்தேக்கத் திட்டத்தில் இதுவே நடந்தது. நகரத்துக்கும் அயலிலுள்ள நீர் வழங்கல் மாவட்டத்துக்கும் ஒரே மூலத்திலிருந்து நீர் கொடுப்பதே நோக்கம் என்று எழுதப்பட்டதால், இரண்டு இடங்களுக்கும் தனித்தனி மூலங்கள் போதுமா என்பது ஆராயப்படவே இல்லை. 1997இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. குளத்து நீரைப் பற்றிய அந்தத் தீர்ப்பு பஸ்ஸுக்கும் அப்படியே பொருந்தும்.

எங்கள் நாட்டிலும் 1980ஆம் ஆண்டின் தேசியச் சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அறிக்கையை மக்கள் பார்வையிட்டுக் கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. அந்த வாய்ப்பை எங்களில் எத்தனை பேர் பயன்படுத்தியிருக்கிறோம் என்று என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். தேவையை எழுதும் பொறுப்பை முழுவதுமாக நிபுணர்களிடமும் அமைச்சுகளிடமும் விட்டுவிட்டால், ஆட்சி மாறும்போது அதற்காகப் பேச ஊரில் ஆளிருக்காது. மாலபேயையும் கொழும்புக் கோட்டையையும் இணைக்கவிருந்த இலகு புகையிரதத் திட்டத்துக்கு ஜப்பானுடன் 2019இல் கடன் உடன்படிக்கை கைச்சாத்தானது. 2020 செப்ரெம்பரில், அது செலவுக்கேற்ற தீர்வல்ல என்று கூறி அடுத்த அரசு கைவிட்டது. எந்த முடிவு சரி என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் அந்தப் பாதையில் தினமும் நெரிசலில் நிற்பவர்கள் இது எங்கள் தேவை என்று எழுந்து சொல்லும் அளவுக்கு அது அவர்களுடைய சொல்லாக மாறியிருக்கவில்லை என்பதே என் எண்ணம்.

இனி நான் அதிக நேரம் செலவிட்ட விடயத்துக்கு வருகிறேன்: காத்திருப்பு. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வருமானால் நேர அட்டவணை பார்க்காமல் சந்திக்கு வரும் ஒருவர் சராசரியாக ஐந்து நிமிடம் நிற்பார். ஒரு மணி நேரத்துக்கு ஒன்று என்றால் அரை மணி நேரம். ஒரு நாளுக்கு இரண்டு என்றால் அங்கே காத்திருப்பு என்ற சொல்லே பொருந்தாது. அந்த மனிதர் தன் நாளையே பஸ்ஸுக்கு ஏற்றபடி வெட்டித் தைக்க வேண்டும். பருத்தித்துறை வீதியில் 750ஆம் இலக்க பஸ்ஸுக்கு நிற்பவருக்கும் எங்கள் ஊர்ச் சந்தியில் நிற்பவருக்கும் உள்ள வேறுபாடு தூரத்தின் வேறுபாடு என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அது அடுத்த பஸ் எப்போது என்பதன் வேறுபாடு. முதலாமவர் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் சற்றுத் தாமதிப்பார். இரண்டாமவர் தவறவிட்டால் அந்த நாளையே இழப்பார்.

ஹேர்பேட் மோரிங் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1972இல் எழுதிய ஆய்வொன்று இதன் மறுபக்கத்தைக் காட்டியது. பயணிகள் கூடக் கூட வண்டிகளைக் கூட்டலாம். வண்டிகள் கூடினால் எல்லாப் பயணிகளுக்கும் காத்திருப்புக் குறையும். ஆகவே புதிதாக ஏறும் ஒவ்வொருவரும் மற்றவர்களுக்கு ஒரு நன்மையைக் கொண்டுவருகிறார். ஆனால் அந்த நன்மை ரிக்கற் காசில் பதிவாகாது. பொதுப் போக்குவரத்துக்கு மானியம் கொடுப்பதற்கான மிக வலுவான பொருளியல் நியாயங்களில் இது ஒன்று. இதையே தலைகீழாகத் திருப்பினால் எங்கள் ஊரின் கதை வரும். ஒரு சேவையை நிறுத்தினால் காத்திருப்புக் கூடும். காத்திருக்க இயலாதவர்கள் லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுப்பார்கள். எடுக்க முடியாதவர்கள் போவதை விடுவார்கள். பஸ் மேலும் வெறுமையாகும். அடுத்த சேவையும் நிற்கும். ஒவ்வொரு படியிலும் எடுக்கப்படும் முடிவு கணக்குப்படி சரியாகவே இருக்கும். முடிவில் ஊர் மட்டும் தனித்துப் போயிருக்கும்.

மோட்டார் சைக்கிள் என்று சொன்னேன். அரசு ஒரு பஸ்ஸை நிறுத்தி மிச்சப்படுத்தும் பணம் மறைந்துவிடுவதில்லை. அது மாதா மாதம் லீசிங் தவணையாகவும் பெற்றோலாகவும் பல வீடுகளின் மீது பிரிந்து விழுகிறது. ஐம்பது பேர் இருந்து போகக்கூடிய ஒரு பஸ்ஸுக்குப் பதிலாக முப்பது, நாற்பது வீடுகள் தனித்தனியே கடன்படுகின்றன. திட்ட அறிக்கையில் முதலாவது செலவுக்கு ஒரு நிரல் உண்டு, இரண்டாவதற்கு இல்லை. 2022இல் இந்த இரண்டாவது செலவு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. 2021 மார்கழியில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் 2022 ஆனியில் 470 ரூபாவானது. பின்பு அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர எரிபொருள் விற்பனையே இரண்டு வாரம் நிறுத்தப்பட்டது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய தலைமுறை, கொட்டிலில் கிடந்த துவிச்சக்கர வண்டிகளை மீண்டும் வெளியே எடுத்தது. சைக்கிள் மிதிக்க இயலாத வயதானவர்களும், ஓடிய சில பஸ்களின் மிதிபலகையில் தொங்க முடியாத பெண்களும் வீட்டோடு இருந்தார்கள். எல்லோரும் சொந்த வண்டியை நம்பியிருக்கும் ஓர் ஊர் எத்தனை விரைவாக அசையாமல் போகும் என்பதை அந்த ஆனி, ஆடி மாதங்களில் கண்டோம்.

திட்டங்களை மதிப்பிடும் முறையிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஒரு பாதை மிச்சப்படுத்தும் நேரத்தைப் பணமாக மாற்றியே அதன் நன்மையைக் கணிக்கிறார்கள். அந்த நேரத்தின் விலை பெரும்பாலும் பயணிகளின் வருமானத்தை ஒட்டியே நிர்ணயிக்கப்படுகிறது. அப்படியானால் கொழும்பில் ஒரு முகாமையாளர் மிச்சம் பிடிக்கும் பத்து நிமிடம், நெடுந்தீவில் ஒரு கடற்றொழிலாளியின் மனைவி மிச்சம் பிடிக்கும் பத்து நிமிடத்தைவிடப் பெறுமதி கூடியதாகிவிடும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். காற்றுக் கிளம்பினால் படகு ஓடாது. பிரசவ வலி வந்தவருக்கும் பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கும் கடலின் மனநிலைதான் நேர அட்டவணை. குமுதினி என்ற படகின் பெயரைக் கேட்டால் தீவகத்தவர், அதில் பயணிகள் படுகொலை செய்யப்பட்ட 1985ஐ நினைத்துத் தலைகுனிவார்கள். அத்தனைக்குப் பிறகும் அந்தப் படகையே நம்பி அவர்கள் கடலைக் கடந்திருக்கிறார்கள், ஏனென்றால் வேறு வழி இருக்கவில்லை. அந்தச் சேவையை இலாப நட்டத்தில் நிறுக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் தரையில் இருக்கும் ஓர் ஊர், இரண்டு பஸ்களுக்கு இடையே தீவாகிக் கிடப்பதை மட்டும் நாம் தீவாகப் பார்ப்பதில்லை. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே ஓடும் கடற்பாதை என்ற மிதவையை எவரும் வருமானத்துக்காக ஓட்டவில்லை. வீதியின் ஒரு துண்டு கடலில் கிடக்கிறது என்றே அதைக் கருதுகிறோம். பஸ்ஸையும் அவ்வாறே, வீதியின் ஒரு பகுதியாகக் கருதலாம். காப்பெற் போட்ட வீதியை வருமானம் கேட்காமல் அமைக்கும் நாம், அந்த வீதியில் சொந்த வண்டி இல்லாதவர் போவதற்கான ஒரே வழியிடம் மட்டும் வருமானம் கேட்கிறோம்.

இதையெல்லாம் சொல்வதால், கேட்கும் திட்டம் எல்லாவற்றுக்கும் பணம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்தாகாது. பலாலி விமான நிலையம் 2019இல் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டதையும், காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023இல் கப்பல் தொடங்கியதையும் நானும் மகிழ்ச்சியோடு பார்த்தவன். அவற்றுக்குக் கிடைத்த மேடையும் மாலையும் ஒரு கிராமத்து பஸ்ஸின் நேரமாற்றத்துக்கு என்றும் கிடைக்காது. ஆனால் ஒரு வருடத்தில் எத்தனை பேரின் எத்தனை நாட்களை ஒவ்வொன்றும் தொடுகிறது என்று கேட்டால் விடை வேறாக இருக்கக்கூடும். தேவையை நேர்மையாக எழுதினால் சில வேளைகளில் நாம் கேட்டதைவிடச் சிறிய விடை போதும் என்பதும் தெரியவரும். கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே ஓடிய தட்டிவான்களை நினைத்துப் பார்க்கிறேன். பக்கங்கள் திறந்த அந்த வண்டியில் வாழைக்குலையும் கடகமும் மேலே போகும், சந்தைக்காரர் உள்ளே இருப்பார்கள். சந்தை கூடும் நேரத்தை அறிந்து, சாமானோடு வருபவர் ஏற வசதியாக அது அமைந்திருந்தது. யாருக்கு, எப்போது, எதைச் சுமந்துகொண்டு என்ற மூன்றையும் அறிந்து ஓடிய வண்டி அது.

ஆகவே மனுவைத் திரும்ப எழுதினோம். “பஸ் தேவை” என்ற சொற்கள் முதலாவது பக்கத்தில் இல்லை. கிளினிக் நாட்களில் நண்பகலுக்கும் பின்னேரத்துக்கும் இடையே வைத்தியசாலையிலிருந்து திரும்ப வழியில்லை என்பதை முதலில் எழுதினோம். உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலைக்கு முதல் மணி அடிப்பதற்குள் போய்ச்சேர முடியாது என்பதை அடுத்து எழுதினோம். இந்தக் காரணங்களால் பயணத்தைக் கைவிட்டவர்களை வீட்டுவாரியாக, பெயரில்லாமல், காரணத்தோடு இணைத்தோம். நோக்கம் என்ற தலைப்பின் கீழ், கிளினிக் முடிந்தவர் ஒரு மணி நேரத்துக்குள் ஊர் திரும்பத் தொடங்க வேண்டும், மாணவர் மணி அடிக்குமுன் வகுப்பில் இருக்க வேண்டும் என்ற இரண்டையும் மட்டும் வைத்தோம். தீர்வுகளாக மூன்றை முன்வைத்தோம்: புதிய பஸ் ஒன்று, இப்போதைய பஸ்ஸின் நேரத்தை மாற்றுவதோடு வேறு வழித்தடத்தில் நண்பகலில் சும்மா நிற்கும் பஸ்ஸை இங்கே ஒரு முறை திருப்புவது, அல்லது கிளினிக் நாட்களில் மட்டும் ஒரு சிறிய வான். எது மலிவோ அதைத் தெரிவு செய்யும் உரிமையை அதிகாரிக்கு விட்டோம். உண்மையில் எனக்கு விருப்பம் முதலாவதுதான். ஆனால் என் விருப்பம் தேவையாகிவிடாது.

கையெழுத்து வாங்கும்போது அந்த அம்மாவிடமும் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். திரும்பும் பஸ் நண்பகல் 12 மணிக்கு என்று எழுதியிருந்தோம். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். டொக்டர் பார்த்து முடிய 12 மணியாகும், அதன் பிறகு மருந்தெடுக்கிற வரிசை இருக்கிறது, அதை யார் கணக்கெடுத்தது என்று கேட்டார். “ஒண்டரைக்குப் போடு பிள்ளை. பன்னிரண்டுக்கு விட்டால் அதுவும் வெறும் பஸ்ஸாய்த்தான் வரும்.” வாசலில் நின்றபடியே 12ஐ வெட்டி 1.30 என்று எழுதினேன். அவர் அதற்குக் கீழே கையெழுத்திட்டார்.